உதடு அசைந்த இடத்தில் நான் போட்ட வசனம்

என் மகளை நான் இப்போது குரல் கொடுத்துக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய் அவள் கையைத் தொடுவேன். சாப்பாட்டுக்கும் அப்படித்தான், பள்ளிக்கூடத்துக்கு எழுப்பும்போதும் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

இது நடந்தது. கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் கெஞ்சப் போவதில்லை. நடுராத்திரி, சுடுகாடு, வெள்ளைப் புடவை என்று ஆசையாக வந்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். இது மத்தியானம் மூன்று மணிக்கு நடந்தது. கீழே மீன்காரிகள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். படத்தின் பெயரை எழுத மாட்டேன். நடிகையின் பெயரையும் எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் இன்றைக்கே தேடிப் பிடித்துப் பார்ப்பீர்கள். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும்.

என் பெயர் லூர்து. பர்மாவின் யாங்கோனில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. கணவர் டேவிட் மலேசியாவில் வேலை பார்க்கிறார். எனக்குத் தொழில், குரல் கொடுப்பது. ஊரின் ஆற்றோரம் க்யிம்யிண்டைங் பகுதியில் படகுத்துறைக்கு எதிரே ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் டப்பிங் ஸ்டுடியோ இருந்தது. பழைய இந்தியப் படங்களைச் சல்லிசாக வாங்கி, பர்மிய மொழியில் பேச வைத்து, போனில் படம் காட்டுகிற ஒரு கம்பெனிக்குக் கொடுப்பார்கள். இருட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிற ஊரில் அழுகைப் படத்துக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு.

போன மழைக்காலத்தில் கன்னடப் படங்கள் ஒரு கட்டாக வந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளை. எனக்குக் கன்னடம் தெரியாது, ஆனாலும் தமிழ் காதுக்குப் பாதி புரிந்துவிடும். மீதிக்குப் பெங்களூரிலிருந்து உதயசூரியன் என்பவர் வசனத்தைத் தமிழில் எழுதி அனுப்புவார், அதை நான் பர்மிக்கு மாற்றிக்கொள்வேன். படங்களை விற்றவரும் அவர்தான். பழைய கன்னடப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாத மனிதர்.

ஒரு நடிகையை நீங்கள் கண்ணை வைத்து, சிரிப்பை வைத்து ஞாபகம் வைத்திருப்பீர்கள். எனக்கு வாய்தான். அந்தக் கட்டில் இருந்த கதாநாயகிகளையெல்லாம் வாயை வைத்துத்தான் தெரியும். ஒருத்தி கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவாள், அவளுக்குப் பேசினால் எனக்குத் தாடை வலிக்கும். இன்னொருத்தி வசனம் முடிந்தபிறகும் உதட்டை லேசாகத் திறந்தே வைத்திருப்பாள், அவளுக்குப் பேசும்போது எங்கே நிறுத்துவது என்றே எனக்குத் தெரியாது. நம் தமிழ்ப் படத்து அம்மாக்கள் அழும்போது வாயைப் பிளந்து அழுவார்கள். இவர்கள் பலர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. குரல் மிச்சம்.

இந்தத் தொழிலில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, வாய் அசைந்தால் குரல் வர வேண்டும். அசைகிற வாய்க்குக் குரல் இல்லாவிட்டால் கம்பெனி அந்த ரீலையே திருப்பி அனுப்பிவிடும். மூலத்தில் வசனம் கேட்கவில்லை என்றால் நாமே ஏதாவது போட வேண்டும், உதட்டுக்குப் பொருந்தினால் போதும். இரண்டாவது மூச்சு. பேசுவதற்கு முன்னால் மனிதர்கள் மூச்சு இழுப்பார்கள். அதையும் சேர்த்துப் பேசினால்தான் உயிருள்ள ஆள் பேசுவதுபோல இருக்கும். என் மகள் ஏஞ்சலாவுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

ஏஞ்சலாவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுமுறை. வீட்டில் தனியாக விட ஆளில்லாமல் கூடவே அழைத்துப் போவேன். குழந்தைக் குரல் வேண்டிய படங்களில் அவளே பேசுவாள். கன்னத்திலும் நெற்றியிலும் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, ஹெட்போன் காதிலிருந்து நழுவ நழுவ, ஸ்டூலின் மேல் ஏறி நின்று பேசுவாள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் பர்மியில்தான் வரும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கொஞ்சுவதெல்லாம் பர்மியில் கொஞ்சுவேன். திட்டுவதற்கு மட்டும் தமிழ். அதில்தான் வாய்க்கு ருசி.

இனி அந்தப் படம்.

பெரிய வீட்டு மருமகள் ஒருத்தி. பழி சுமத்தி அவளைத் துரத்திவிட்டுக் குழந்தையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கடைசி ரீலில் அவள் கோயில் குளத்தில் இறங்குகிறாள், குழந்தை தேடிக்கொண்டு வந்து படியில் நிற்கிறது. நூறு படத்தில் பார்த்த கதை. ஆனால் மருமகளாக வந்த அந்த அம்மா நன்றாக நடித்திருந்தார். அழகி என்று சொல்ல முடியாது. கீழ் உதடு கொஞ்சம் தடித்து, பேசாதபோதும் ஏதோ சொல்ல வருவதுபோலவே இருக்கும்.

அன்று கரண்ட் ஐந்து மணிவரைதான். நாலரைக்குக் கடைசி ரீலுக்கு வந்தோம். ஒலிப்பதிவு செய்பவன் வாஜித், என்னைவிடப் பத்து வயது சின்னவன், எதற்கும் பதறாதவன். இடுப்பளவு தண்ணீரில் அந்த அம்மா நிற்கிற காட்சி வந்தது. திடீரென்று மூலத்தின் சத்தம் போய்விட்டது. வசனம் மட்டும் இல்லை. பழைய படம் என்றால் அடியில் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும், அதுகூட இல்லை.

திரையில் அந்த அம்மாவின் முகம் மட்டும். குழந்தையைப் பார்க்கவில்லை. நேராக எங்களைப் பார்த்தார். உதடு அசைந்தது.

உதயசூரியன் அனுப்பிய தாளில் அந்த இடத்துக்கு எதுவுமே எழுதியிருக்கவில்லை.

"அக்கா, இதுக்கு என்ன போடறது?" என்றான் வாஜித்.

கேட்க ஆள் இல்லை. நேரமும் இல்லை. உதட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தொழிலில் இருக்கிற யாரும் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தேன். பர்மியில் ஒரு வசனம் போட்டேன்.

"தமீ... அமே ஸீ லா."

மகளே, அம்மாவிடம் வா. அவ்வளவுதான். உதட்டில் அப்படியே உட்கார்ந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த காட்சியில் படியில் நிற்கிற குழந்தையின் முதுகு மட்டும் தெரிந்தது. முதுகுக்கு எந்த வசனமும் பொருந்தும். குழந்தை பதில் சொன்னால் பார்ப்பவர்கள் தேம்பி அழுவார்கள் என்று தோன்றியது. ஏஞ்சலாவைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒரே தடவையில் சொன்னாள்.

"லாபீ, அமே."

இதோ வர்றேன், அம்மா.

ஓட்டிப் பார்த்தோம். ஏஞ்சலாவின் பதில் வந்ததும் திரையில் அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். முதலில் பார்த்தபோது முகம் மறைகிறவரை உதடு அசைந்துகொண்டே இருந்ததாக எனக்கு ஞாபகம். வாஜித்திடம் சொன்னேன். களைப்பாக இருக்கும், வீட்டுக்குப் போங்கள் என்றான். கரண்டும் போய்விட்டது.

எங்கள் வீடு அப்போது டாலாவில். படகுத்துறையிலிருந்து மோட்டார் படகில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா பிடித்துப் போக வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. படகில் நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஏஞ்சலா பக்கவாட்டில் பாதி உடம்பு வெளியே சாய்ந்திருக்கிறாள். தலைமுடி தண்ணீரைத் தொடுகிறது. என்னவோ முணுமுணுக்கிறாள்.

"லாபீ, அமே..."

"ஏய் எருமை, இங்க வாடி!"

தமிழில் கத்தி, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். படகிலிருந்த பர்மியக் கிழவர் சிரித்தார். ஏஞ்சலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வசனம் பழகினாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். நீதானே கூப்பிட்டாய், கூப்பிட்டுவிட்டு நீயே திட்டுகிறாய் என்றாள்.

திட்டுவதற்கு முன்னால் நான் படகில் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை வாஜித் போன் செய்தான். கடைசி ரீலில் என் வசனம் உதட்டில் உட்காரவில்லை என்றான். நேற்றுப் பார்த்தபோது சரியாகத்தானே இருந்தது என்றேன். அவனும் அதையேதான் சொன்னான். நேற்றுச் சரியாக இருந்தது, இன்று உதடு முந்திக்கொண்டு அசைகிறது. குரலை நகர்த்தி வைத்தால் உதடு இன்னும் முந்துகிறது. குழந்தை வசனமும் திரும்ப எடுக்க வேண்டும் என்றான். கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். யாங்கோனில் எதைக் கேட்டாலும் கரண்ட் மேல் பழியைப் போடலாம்.

ஆற்றைக் கடக்கும்போது ஏஞ்சலாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டே போனேன்.

ஸ்டுடியோவில் இரண்டு அறை. வெளி அறையில் வாஜித்தின் மேஜை, கம்ப்யூட்டர். உள்ளே பேசுகிற அறை. நடுவில் கண்ணாடி. உள் அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை, கனமான கதவு. எதிர்ச் சுவரில் படம் ஓடுகிற டிவி. வெளியே நாம் பேசுவது உள்ளே ஹெட்போனில் கேட்க வேண்டுமானால், மேஜையில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி. முதலில் குழந்தை வசனத்தை முடித்துவிடலாம் என்று ஏஞ்சலாவை உள்ளே அனுப்பினேன். அவள் ஸ்டூலில் ஏறி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கீழே மீன் கடைச் சத்தம். வாஜித் பதிவைத் தொடங்கிப் படத்தை ஓட்டினான்.

தண்ணீர் வந்தது. அந்த அம்மா வந்தார்.

நேற்று இடுப்பளவு தண்ணீர். இன்று முழங்காலளவு.

"வாஜித், வேற காட்சியா இது?"

"அதேதான் அக்கா."

ஈரப் புடவை காலோடு ஒட்டியிருந்தது. ஒரு கால் மேல்படியில் இருந்தது. நேற்று அவர் குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். இப்போது ஏறிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. ஏசி நின்றது. பேட்டரியில் கம்ப்யூட்டரும் மைக்கும் டிவியும் மட்டும் ஓடின. இது வழக்கம்தான், பதிவு கெடக் கூடாது என்று அப்படி வைத்திருந்தோம். உள்ளே டிவி வெளிச்சத்தில் ஏஞ்சலாவின் முதுகு தெரிந்தது.

"லாபீ, அமே" என்றாள்.

இன்னும் அவள் முறை வரவில்லை. ஏன் அவசரப்படுகிறாய் என்று பொத்தானை அழுத்திக் கேட்டேன். அவள் திரும்பவில்லை.

"லாபீ, அமே."

மறுபடி.

"யாரு உன்னைச் சொல்லச் சொன்னது?" என்று பர்மியில் கேட்டேன்.

"நீதான்" என்றாள் பர்மியில். "கூப்பிட்டுக்கிட்டே இருக்கியே."

நான் வாஜித்தைப் பார்த்தேன். அவன் இரண்டு கையையும் மேஜைக்கு மேலே தூக்கிக் காட்டினான். எதையும் தொடவில்லை. நேற்றைய என் வசனத்தை அவன் காலையிலேயே எடுத்துவிட்டிருந்தான். உள்ளே எதுவும் போகவில்லை... போகக் கூடாது.

ஏஞ்சலாவின் ஹெட்போனில் கேட்பதையே கேட்க வெளியே இன்னொரு ஹெட்போன் உண்டு. வாஜித் அதை எடுத்துக் காதில் வைத்தான். அவன் முகம் மாறியது. அதைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

வைத்துக் கேட்டேன்.

"தமீ... அமே ஸீ லா."

என் குரல்.

நேற்று நான் பேசினது இல்லை. நேற்று அழுகையோடு பேசினேன். இதில் அழுகை இல்லை. அவசரமும் இல்லை. ஆனால் குரல் என்னுடையது. கூர்ந்து கேட்டேன். அப்போதுதான் புரிந்தது.

மூச்சு இல்லை.

ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் மூச்சே இல்லை.

"தமீ... அமே ஸீ லா."

"லாபீ, அமே."

ஏஞ்சலா ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

டிவியை நோக்கி ஒரு அடி வைத்தாள். திரையில் இப்போது தண்ணீரே இல்லை. படி மட்டும் இருந்தது. படியில் குழந்தை இல்லை. அந்த அம்மா நின்றார். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கதவுக்கு ஓடினேன். கைப்பிடி திரும்பியது. கதவு வரவில்லை. வாஜித்தும் வந்து இழுத்தான். உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

கண்ணாடியைத் தட்டினேன்.

அவள் திரும்பவில்லை.

"தமீ... அமே ஸீ லா."

"லாபீ... அமே..."

அவள் குரல் மெலிந்துவிட்டது. ஒவ்வொரு தடவை பதில் சொல்லும்போதும் மெலிந்தது. தோள் ஏறி இறங்கவில்லை. அவள் மூச்சு விட்டு விட்டுப் பேசினாள்... இழுக்கவேயில்லை. வெளியே போன மூச்சு திரும்பி வரவில்லை.

ஹெட்போன் வயர் முழுக்க நீண்டுவிட்டது. அவள் நெற்றி திரையைத் தொட்டது.

திரையில் அந்த உதடு.

சிரித்தது.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். "தமீ, போகாதே" என்று பர்மியில்தான் கத்தினேன். அவளுக்கு எப்படித் தெரியும்? காதில் இரண்டு அம்மா. இரண்டும் ஒரே குரல். இரண்டும் கொஞ்சுகிற மொழி.

"லா... பீ..."

அமே என்ற சொல் வரவில்லை. அவ்வளவு மூச்சு அவளிடம் இல்லை. முழங்கால் மடங்கியது.

எனக்கு அப்போது வந்தது பயம் இல்லை. ஆத்திரம். என் குரலை எடுத்து என் பிள்ளையையே கூப்பிடுகிறாள். பொத்தானை உடைக்கிற மாதிரி அழுத்தினேன்.

"ஏய் எருமை! இங்க வாடி!"

தமிழில்.

ஏஞ்சலாவின் தலை திரும்பியது.

"உன்னைத்தாண்டி சொல்றேன்! ஏய் எருமை, இங்க வாடி!"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. கிணற்றிலிருந்து தூக்கிய பிள்ளை இழுக்கிற மூச்சு அது.

கதவு தானாகத் திறந்தது. அவளை வாரிக்கொண்டு படி இறங்கினேன். வாஜித் எனக்கு முன்னால் ஓடினான், யாரும் எதையும் நிறுத்தவில்லை, அணைக்கவில்லை. தெருவில் நல்ல வெயில். மீன்காரி ஒருத்தி கத்தியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். ஏஞ்சலாவின் உதடு நீலமாக இருந்தது. நெற்றியில் தனகா கரைந்து ஓடிக்கொண்டிருந்தது, தலைமுடி நனைந்திருந்தது. அந்த அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அன்று நாங்கள் ஆற்றைக் கடக்கவில்லை. பஸ் பிடித்து மிங்கலாடோனில் என் சித்தப்பா மகள் வீட்டுக்குப் போனோம். அப்புறம் அங்கேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்துவிட்டேன். டாலா வீட்டுச் சாமானை வேறு ஆள் வைத்துத்தான் எடுத்து வந்தேன். இங்கே ஆறு இல்லை. தலைக்கு மேல் போகிற விமானச் சத்தம்தான் உண்டு, அது பரவாயில்லை. குளிக்கத் தொட்டி வைக்கவில்லை. ஒரு வாளி, அதுவும் குளித்து முடித்ததும் கவிழ்த்துவிடுவேன்.

படம் வெளியே வரவில்லை. வாஜித் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னான். ஸ்டுடியோ முதலாளி என்னைப் பைத்தியம் என்றார். அவர் பிள்ளையை உள்ளே அனுப்பச் சொன்னேன், போனை வைத்துவிட்டார். குரல் கொடுக்கிற தொழிலை அத்தோடு விட்டேன். இப்போது தையல் வேலை செய்கிறேன். தையல் மெஷினுக்கு வாய் இல்லை.

ஏஞ்சலாவுக்கு அந்த அறையில் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு மூச்சு முழுதாக இறங்குவதில்லை. மாடிப்படி ஏறினால் நின்றுவிடுகிறாள். தூங்கும்போது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறாள். டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு ஏன் இப்படி என்று கேட்டேன். ஈரக் காற்று என்றார்.

நான் ஒரு பாதுகாப்பு வைத்திருந்தேன். நான் கூப்பிட்டால் உடனே வராதே என்று ஏஞ்சலாவுக்குச் சொல்லியிருந்தேன். முதலில் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கவனி. மூச்சு கேட்டால் நான். கேட்காவிட்டால் அசையாதே, காதைப் பொத்திக்கொள். அவள் தலையாட்டினாள். கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் போதும். தமிழில் திட்டினால் இன்னும் நிச்சயம் என்று சொல்லி வைத்தேன். அந்த அம்மாவுக்கு நான் தமிழில் ஒரு வசனமும் கொடுக்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் உதயசூரியனோடு பேச முடிந்தது. நெட் ஒழுங்காக வராத ஊரில் அதுவே பெரிய விஷயம். அந்த இடத்தில் அந்த அம்மா என்ன வசனம் பேசுகிறார் என்று கேட்டேன். எந்த இடம் என்று அவர் திருப்பிக் கேட்டார். குளத்தில் நின்று, முகம் மட்டும் தெரிகிறதே, அந்த இடம் என்றேன்.



"அப்படி ஒரு ஷாட்டே படத்துல கிடையாதும்மா" என்றார்.

கடைசிக் காட்சி எடுப்பதற்கு முன்பே அந்த அம்மா இறந்துவிட்டாராம். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேறொரு பெண்ணுக்குப் புடவை கட்டி, முதுகை மட்டும் காட்டிக் குளக் காட்சியை முடித்தார்களாம். முகம் எங்கேயும் வராது. எனக்கு அனுப்பிய அதே படத்தை அன்றே ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார். வெறும் தண்ணீர்தான் தெரிகிறது என்றார். ஆனால் அந்த இடத்தில் ஒலி இல்லாதது உண்மை. பழைய பிலிமில் படத்துக்குப் பக்கத்தில் ஒலி ஒரு கோடாக ஓடும். அந்தப் படத்தின் எல்லாப் பிரதியிலும், அந்த இடத்தில் மட்டும், யாரோ அந்தக் கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறார்களாம். யார், ஏன் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

அதைக் கேட்டபோதுகூட எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது. மூச்சு இருக்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்ற தைரியம்.

போன மாதம் வாஜித் வந்தான். வேலைக்குத் தாய்லாந்து போகிறான், சொல்லிக்கொண்டு போக வந்ததாகச் சொன்னான். டீ குடித்தான். கிளம்புகிறவன் வாசலில் நின்று போனை எடுத்தான். படத்தை அழித்தது உண்மை, ஆனால் அன்றைய ஒலிப்பதிவை அழிக்க மனம் வரவில்லை என்றான். நாங்கள் ஓடி வந்தபிறகும் பேட்டரி தீரும்வரை அந்த அறையில் மைக் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது.

"அக்கா, நீங்க இதக் கேக்கணும்" என்றான்.

ஏஞ்சலா பின்பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

ஏஞ்சலாவின் குரல் மெலிந்து மெலிந்து போனது. ஹெட்போனில் நான் தமிழில் கத்தினது தூரத்தில் கேட்டது. அவள் மூச்சு இழுத்தது. கதவு. எங்கள் காலடி. அப்புறம் ஒன்றும் இல்லை. நிறைய நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு, மைக்குக்கு மிகப் பக்கத்தில்...

"ஏய் எருமை இங்க வாடி."

என் குரல். மூச்சு இல்லை. எல்லாச் சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்சம் இடைவெளி.

"ஏய்... எருமை. இங்க வாடி."

இப்போது சொல் பிரிந்திருந்தது.

மறுபடி. மறுபடி. புதிதாக வந்த ஆர்ட்டிஸ்ட் வசனம் பழகுவதுபோல. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் என்னைப்போல. ஆத்திரம் வந்தது. குரல் உடைகிற இடம் வந்தது.

மூச்சு மட்டும் வரவில்லை.

பேட்டரி தீர்வதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை. அதற்கு முன்பே நான் ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும்.

"ஏய்" என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பு கேட்டது.

சின்ன மூச்சு. தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளை இழுக்கிற மூச்சு.

அது என்னுடையது இல்லை. ஏஞ்சலாவுடையது.